முதலில் காதுக்குள் நிற்கட்டும்

பாலவனத்தத்தில் இருப்பவருக்கு ஒரு ஹெட்செட் வாங்க மூன்று வழி உண்டு. அருப்புக்கோட்டையிலோ விருதுநகரிலோ பேருந்து நிலையத்தை ஒட்டிக் கொத்தாகத் தொங்கும் நூறு, நூற்றைம்பது ரூபாய்ச் சரக்கு ஒன்று. அதே ஊர்களின் மொபைல் கடையில் கண்ணாடிக்குப் பின்னால் அட்டைப்பெட்டியில் இருக்கும் நானூறு, அறுநூறு ரூபாய் ‘கம்பெனி ஐட்டம்’ அடுத்தது. மூன்றாவது, கூரியரில் வீட்டுக்கே வந்துசேரும் சீன மாடல்கள்; எண்ணூறில் தொடங்கி இரண்டாயிரத்துச் சொச்சம் வரை. கேஇசட், மூன்டிராப், டாங்சூ என்று வாயில் நுழையாத பெயர்கள். மூன்று வழியிலும் வாங்குமுன் நிதானமாகக் காதில் மாட்டிக் கேட்டுப் பார்க்க முடியாது. தெருவோரக் கடைக்காரர் மட்டும் தன் போனில் பின்னைச் சொருகி ஒரு குத்துப்பாட்டைப் போட்டுக் காட்டுவார். இரண்டு பக்கமும் வேலை செய்கிறது என்பதற்கு மேல் அதில் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை.

கடையில் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, “பேஸ் எப்படிண்ணே இருக்கும்?” அண்ணன் என்ன பதில் சொன்னாலும் அது பாதிப் பதில்தான். காதுத் துளைக்குள் நுழைகிற வகை ஹெட்செட்டில், முனையில் இருக்கும் ரப்பருக்கும் செவிப்பறைக்கும் நடுவே அடைபட்ட சிறிய காற்றறை ஒன்று உண்டாகிறது. உள்ளே இருக்கும் சவ்வு அந்தக் காற்றைத் தள்ளியும் இழுத்தும்தான் தாழ்ந்த ஒலியை உண்டாக்குகிறது. ரப்பரின் ஓரத்தில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் முதலில் ஓடிப்போவது பேஸ்தான். மிஞ்சுவது கீச்சுக்கீச்சென்ற மேல்சத்தம். ஒரே ஹெட்செட்டை அண்ணன் போட்டால் அதிர்கிறது, தம்பி போட்டால் தகரமாக ஒலிக்கிறது என்றால் காரணம் இந்த இடைவெளிதான். ஆகவே பொருத்தம் முதலில், கட்டுமானம் அடுத்து, ஒலியின் தரம் கடைசியில். இந்த வரிசையில் பார்த்தால் பணம் வீணாவது குறையும்.

பொருத்தத்தைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். ஒரு கையால் காதுமடலை மேலும் பின்னுமாக லேசாக இழுத்துப் பிடித்து, மறு கையால் ஹெட்செட்டை உள்ளே செலுத்தி, மடலை விடுங்கள். பாட்டு எதுவும் போடாமல் வாய்மூடி ‘ம்ம்ம்’ என்று முனகுங்கள். உங்கள் குரல் தலைக்குள்ளேயே தடித்து, இரண்டு பக்கமும் சமமாகக் கேட்டால் அடைப்பு சரி. ஒரு பக்கம் மட்டும் மெலிந்தால் அந்தப் பக்கத்து ரப்பரை மாற்ற வேண்டும். இரண்டு காதும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்பதில்லை. வலது காதில் நடு அளவும் இடது காதில் பெரிதும் போடுவது சாதாரணம். அடுத்து ஒரு பாட்டை ஓடவிட்டு விரலால் மெல்ல அழுத்துங்கள். அழுத்தும்போது மட்டும் பேஸ் பொங்கினால் ரப்பர் சிறிது. கால்மணி நேரத்தில் உள்ளே வலி எடுத்தால் பெரிது. கடைசியாக வெற்றிலை மெல்வதுபோல் தாடையை அசைத்துப் பாருங்கள். பேசும்போதும் சாப்பிடும்போதும் கழன்று வருகிற ஹெட்செட்டை எவ்வளவு நல்ல ஒலிக்காகவும் வைத்துக்கொள்ள முடியாது.

ஹெட்செட் உடலின் வடிவமும் கணக்கில் வரும். பிளான் பிஎல்-03 என்றொரு மாடல் 2019-இல் வந்து, விலைக்கு மீறிய ஒலி என்று உலகம் முழுக்கப் பேசப்பட்டது. ஆனால் காதுக்குள் நுழையும் அதன் மூக்கு குட்டை. பெட்டியோடு வரும் ரப்பரைப் போட்டால் பலருடைய காதில் உட்காரவே உட்காராது. தனியாக வேறு ரப்பர் வாங்கித்தான் வழிக்குக் கொண்டுவந்தார்கள். நல்ல ஒலி மட்டும் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. கேஇசட் இடிஎக்ஸ் புரோ இதற்கு நேர்மாறு: கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உடல், நீண்ட மூக்கு, காதுக் குழிவில் நன்றாகப் படியும். மூன்டிராப் சூ 2 உலோகம், ஆனால் உருவம் சிறியது. சின்னக் காதுக்கு இதமானது. டாங்சூ வானர், செவன்ஹெர்ட்ஸ் ஜீரோ இரண்டும் எடை குறைந்தவை, கொஞ்சம் அகலமானவை.

இந்தச் சீன மாடல்களில் ஒயர் காதின் மேலாகச் சுற்றிப் பின்னால் இறங்கும். பலருக்கு இது பெரிய விஷயமில்லை. ஆனால் மூக்குக்கண்ணாடி போடுகிறவர்களுக்கும், ஜிமிக்கியோடு மாட்டல் போடுகிற பெண்களுக்கும் அதே இடத்துக்குப் போட்டி வந்துவிடும். அவர்களுக்கு ஒயர் நேராகக் கீழே தொங்குகிற போட் பேஸ்ஹெட்ஸ் 100, ரியல்மி பட்ஸ் 2 போன்றவையே வசதி. விமர்சனம் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மாட்டல் போடாதவர்கள் என்பதால் இதை யாரும் சொல்வதில்லை.

அடைப்புக்கு இன்னொரு முக்கியமான வேலை உண்டு. அருப்புக்கோட்டை விசைத்தறி ஊர். தறி ஓடுகிற கூடத்தில் இரைச்சல் 90 டெசிபெல்லைத் தாண்டுவது வழக்கம். அங்கே லொடலொடத்த ஹெட்செட்டைப் போட்டுப் பாட்டுக் கேட்கிறவர், தறிச் சத்தத்துக்கு மேலே பாட்டை ஏற்றுகிறார். காதுக்குள் விழுவது இரண்டின் கூட்டு. உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு, வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபெல். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகக் குறைகிறது. 90-ஐ எட்டினால் வாரம் முழுவதற்கும் 4 மணி நேரம்தான். நன்றாக அடைக்கும் ரப்பரோ, அதைவிட மேலாக ஃபோம் முனையோ இருந்தால், வால்யூமைப் பாதிக்குக் கீழே வைத்தும் பாட்டு கேட்கும். அதற்காக ஹெட்செட்டைக் காதுக்காப்பு என்று நினைத்துவிட வேண்டாம். தறியில் நாள் முழுக்க நிற்பவருக்கு வேண்டியது ஒழுங்கான காதடைப்பான். பாட்டு வீட்டுக்கு வந்தபின். இன்னொன்று, பாலவனத்தம் அருப்புக்கோட்டை–விருதுநகர் சாலையில் இருக்கிற ஊர். சாலையோரம் நடக்கும்போது ஒரு காதையாவது திறந்து வையுங்கள். வண்டி ஓட்டும்போது இரண்டையும்.

கட்டுமானத்துக்கு வருவோம். இந்த வறண்ட பூமியில் ஹெட்செட்டைக் கொல்வன வியர்வையும் புழுதியும், அவற்றுக்கு முன்னால் ஒயரும். பழுதான ஹெட்செட்டுகளில் பெரும்பாலானவற்றில் ஒலிக்கும் பாகம் நன்றாகவே இருக்கும். பின்னுக்கு அருகிலோ, காதுக்கு அருகிலோ ஒயர் உள்ளுக்குள் அறுந்திருக்கும். போனைச் சட்டைப்பையில் போட்டு உட்கார்ந்து எழும்போதெல்லாம் மடங்குவது அந்த இடம்தான். வாங்கும்போது பின் ஒயரோடு சேருமிடத்தில் ரப்பர்க் கழுத்து நீளமாகவும் வளைகிறதாகவும் இருக்கிறதா என்று பாருங்கள். விறைப்பான குட்டைக் கழுத்து இருப்பதும் இல்லாததும் ஒன்று. எல் வடிவப் பின் சட்டைப்பைக்கு நல்லது.

கழற்றி மாட்டும் ஒயர் இருக்கிற மாடலுக்கும் இல்லாத மாடலுக்கும் இருக்கும் வேறுபாடுதான், என் கணக்கில், எண்ணூறு ரூபாயைத் தாண்டுவதற்கான முதல் நியாயம். பேஸ்ஹெட்ஸ் 100-இல் ஒயர் அறுந்தால் முழுப் பொருளும் குப்பைக்குப் போகும். இடிஎக்ஸ் புரோவிலோ சூ 2-விலோ முந்நூறு, நானூறு ரூபாய்க்குப் புது ஒயர் வாங்கிச் சொருகிக்கொள்ளலாம். இதில் ஒரு பொறி: எல்லாமே இரண்டு முள் சாக்கெட்தான் என்றாலும் கேஇசட்டின் வாய் வெளியே துருத்திக்கொண்டிருக்கும், அதற்கு மூடி போன்ற தலை உள்ள ஒயர் வேண்டும். மூன்டிராப், டாங்சூ, செவன்ஹெர்ட்ஸ் மூன்றுக்கும் 0.78 மில்லிமீட்டர் நேர்முள் ஒயர். பெயரைப் பார்த்து மாற்றி வாங்கினால் பொருந்தாது. மைக் உள்ளது, மைக் இல்லாதது என்று ஒரே மாடல் இரண்டு விதமாக விற்கப்படுவதையும் கவனியுங்கள். பாட்டைவிடப் பேச்சுக்கு அதிகம் பயன்படுத்துபவர் இருநூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப்போய் மைக் இல்லாததை வாங்கிவிட்டால் அது மேசை டிராயரில்தான் கிடக்கும்.

கண்ணாடி போன்ற ஒயர், உள்ளே செம்பு மின்ன, வந்த புதிதில் அழகாக இருக்கும். வியர்வை பட்டுப் பட்டு நாளடைவில் பச்சையாகிவிடும். ஒலி கெடாது, பார்க்கத்தான் பாவமாக இருக்கும். மூக்கின் முனையில் இருக்கும் வலை அப்படியல்ல. காதழுக்கும் புழுதியும் அதில் அடைந்தால் ஒரு பக்கம் சத்தம் இறங்கிவிடும். ‘ஸ்பீக்கர் போச்சு’ என்று தூக்கிப் போடப்படுவதில் பல, வலை அடைத்தவைதான். வாரம் ஒருமுறை ரப்பரைக் கழற்றிக் கழுவி, நன்றாகக் காயவைத்து, வலையைக் கீழ்நோக்கிப் பிடித்து மென்மையான பிரஷால் தட்டினால் போதும். சூ 2-வில் அந்த வலையையே கழற்றி மாற்றலாம். விலைக்கு இது அபூர்வம்.

இனி ஒலி. பெட்டியில் எழுதியிருக்கும் 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் என்பது எதையும் சொல்லாது, நூறு ரூபாய்ச் சரக்கிலும் அதுவே எழுதியிருக்கும். சவ்வின் குறுக்களவும் அப்படித்தான். பேஸ்ஹெட்ஸ் 100-இலும் 10 மில்லிமீட்டர், இடிஎக்ஸ் புரோவிலும் சூ 2-விலும் வானரிலும் 10 மில்லிமீட்டர். நான்கும் நான்கு விதமாக ஒலிக்கும்.

உங்களுக்கு நேரில் பழக்கமான ஒலியைக் கொண்டு சோதியுங்கள். பாலவனத்தம் ஒருகாலத்தில் பாண்டித்துரைத் தேவரின் ஜமீன். 1901-இல் மதுரையில் தமிழ்ச் சங்கத்தை நிறுவியவர் அவர். அவர் காலத்தில் நாகசுரம் கேட்க வித்துவானை வரவழைக்க வேண்டும், அல்லது திருவிழாவுக்குக் காத்திருக்க வேண்டும். இன்றும் இந்தப் பக்கத்தில் கல்யாணத்திலும் கோயிலிலும் நாகசுரத்தைப் பத்தடி தூரத்தில் கேட்டு வளர்ந்தவர்கள் நிறையப் பேர். கிட்டாரையும் பியானோவையும் அப்படிக் கேட்டவர் எத்தனை பேர்? அதனால் 1962-இல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’யில் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகசுரமும் எஸ். ஜானகியின் குரலும் சேர்ந்துவரும் ‘சிங்கார வேலனே’யைப் போடுங்கள். திறந்த காது இயல்பாகவே 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலியைக் கூட்டிக் கேட்கும். காதை அடைத்துவிட்ட ஹெட்செட் அந்தக் கூடுதலைத் தானே கொடுத்தாக வேண்டும். குறைத்துக் கொடுத்தால் நாகசுரம் கம்பளிக்குள்ளிருந்து வரும். அளவு மீறினால் ஜானகி உச்சிக்குப் போகும் இடத்தில் கை தானாக வால்யூமுக்குப் போகும். பழைய ஒற்றைத்தட ஒலிப்பதிவு என்பதால் குரல் தலையின் நட்டநடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் ரப்பரை மாற்றிப் பாருங்கள். அப்போதும் சாய்ந்தால், ஹெட்செட்டை இடவலம் மாற்றிப் போட்டுக் கேளுங்கள். சாய்வும் கூடவே பக்கம் மாறினால் பொருளில் குறை, திருப்பி அனுப்புங்கள்.

பேஸுக்கு, ‘பயணங்கள் முடிவதில்லை’யின் ‘இளைய நிலா’. அதில் பேஸ் கிட்டார் ஒரு தனிப் பாட்டாகவே கீழே ஓடிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் கேட்டால் நல்ல பேஸ். எல்லாம் சேர்ந்து ஒரே ‘தும் தும்’ ஆனால் அது வெறும் கனம். பேஸ்ஹெட்ஸ் 100 இரண்டாவது வகை. பேருந்தில் போகும்போது அந்தக் கனம் நன்றாகத்தான் இருக்கும். வீட்டில் உட்கார்ந்து எஸ்.பி.பி.யின் குரலைத் தேடினால் பின்னால் போயிருக்கும். இடிஎக்ஸ் புரோ பேஸையும் மேல்சத்தத்தையும் சேர்த்துத் தூக்கும், புதுப் பாட்டுக்குக் கொண்டாட்டம், ச-வும் ஷ-வும் சில நேரம் குத்தும். சூ 2-வும் செவன்ஹெர்ட்ஸ் ஜீரோவும், ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஓலிவ் குழுவினர் பலரைக் கேட்கவைத்து வகுத்த ஒலி வளைவை ஒட்டியவை. குரல் தெளிவு, பேஸ் அளவோடு. ஜீரோவின் மேல்பகுதி கொஞ்சம் கூர்மை. வானர் அவற்றைவிடச் சூடான, தணிந்த ஒலி. பழைய பாட்டும் நாகசுரமுமே வாழ்க்கை என்பவருக்கு என் வாக்கு வானருக்கு. காது சின்னது, வலையையும் மாற்ற வேண்டும் என்றால் சூ 2. ஆயிரத்துக்குள் நிற்க வேண்டும் என்றால் இடிஎக்ஸ் புரோ. அடிக்கடி தொலைக்கிற பள்ளிக்கூடப் பிள்ளைக்கு நானூறு ரூபாய் கம்பெனி ஐட்டமே போதும், கூட ஒரு பை உதிரி ரப்பர். நூற்றைம்பது ரூபாய்ச் சரக்கு அவசரத்துக்கு மட்டும். நெக்பேண்டும் ஒயரில்லாத பட்ஸும் தனிக் கதை: பேட்டரி ஓய்ந்த அன்று அவற்றின் ஆயுள் முடிகிறது, சித்திரை வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் கிடந்தால் இன்னும் சீக்கிரம்.

போனையும் பார்க்க வேண்டும். சூ 2-வின் பெட்டியில் 119 டெசிபெல் என்றிருக்கும், மற்றொன்றில் 108 என்றிருக்கும். முதலாவதுதான் அதிகச் சத்தம் என்று முடிவுகட்ட வேண்டாம். அந்த 119 ஒரு வோல்ட்டுக்கான கணக்கு, மற்றது ஒரு மில்லிவாட்டுக்கானதாக இருக்கலாம். 18 ஓம் உள்ள அதை ஒரு மில்லிவாட்டுக்கு மாற்றினால் 102-ஐ ஒட்டி வரும். இருந்தாலும் இங்கே சொன்ன எதையும் சாதாரண போன் தாராளமாக ஓட்டும். 3.5 துளை இல்லாத போனுக்கு டைப்-சி மாற்றி வேண்டும்; உள்ளே ஒலி மாற்றும் சில்லு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், சில்லு இல்லாத மலிவு மாற்றி பல போன்களில் மௌனம் சாதிக்கும். எஃப்.எம். கேட்கிறவர்களுக்கு இன்னொரு கணக்கு. ரேடியோவுக்கு ஹெட்செட்டின் ஒயர்தான் ஏரியல். 100.5-இல் வரும் கோடை பண்பலை கொடைக்கானல் உச்சியிலிருந்து இந்தப் பக்கத்தையெல்லாம் எட்டுகிறது. அதை விடியற்காலையில் கேட்டே தீர வேண்டிய அப்பாவுக்கு வாங்குவதாக இருந்தால், ஒயரில்லாத பட்ஸ் உதவாது. 3.5 துளை உள்ள போனும், மைக் வைத்த, ஒயர் நேராகத் தொங்குகிற நானூறு ரூபாய் ஹெட்செட்டும் வாங்கிக் கொடுங்கள். ரப்பரை மட்டும் அவர் காதில் நீங்களே போட்டு, ‘ம்ம்ம்’ சொல்லச் சொல்லிப் பாருங்கள்.