கை அறுவை மருத்துவரின் கதையில் கிடைத்த சொற்கள்

சேந்தமங்கலத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். பள்ளிப்படிப்பு தமிழ்வழி, அதன் பிறகு டி.ஃபார்ம். மருந்தின் பெயர் எத்தனை நீளமாக இருந்தாலும் நாக்கு தடுக்காது. ஆனால் மருந்து டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில் நான்கு வரி சேர்ந்தாற்போல் படிக்கச் சொன்னால் மூச்சு முட்டும். இங்கிலீஷில் எனக்குத் தெரிந்ததெல்லாம் பொருள்களின் பெயர்கள். ஒரு மனிதர் செய்வதையும் படுவதையும் நினைப்பதையும் சொல்லும் சொற்கள் கையில் இல்லை. 'தினம் பத்துச் சொல்' வகைப் புத்தகங்களை வாங்கிப் பார்த்தேன். காலையில் படித்தது கடை அடைக்கும் நேரத்தில் மறந்திருக்கும். கடைசியில் சொற்கள் தங்க ஆரம்பித்தது, ஓர் அறுவை மருத்துவரின் வாழ்க்கைக் கதையைப் படித்தபோதுதான். அதில் எனக்குப் பயன்பட்ட வழிகளை, என்னைப் போன்ற தமிழ்வழிக்காரர்களுக்காக இங்கே சொல்கிறேன்.

1. நமக்குத் தெரிந்த மண்ணில் தொடங்கும் கதையை எடுங்கள்

என் கடை வாசலில் நின்றால் கொல்லிமலை தெரியும். நான் சொன்ன அறுவை மருத்துவர் பால் பிராண்ட் 1914 ஜூலை 17 அன்று பிறந்தது அந்த மலையில்தான். பெற்றோர் ஜெஸ்ஸியும் ஈவ்லினும் இங்கிலாந்திலிருந்து வந்த மிஷனரிகள். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் இன்று பஸ்ஸிலேயே மேலே போய்விடலாம். அன்றைக்கு நடந்துதான் ஏற வேண்டும், முடியாதவர்களுக்கு டோலி. பிராண்டை ஒன்பது வயதில் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். 1929இல் அப்பா மலையிலேயே காய்ச்சலில் இறந்துபோனார். அம்மா முதுமையிலும் மலைமக்களோடுதான் இருந்து, 1974இல் தம் 95ஆம் வயதில் இறந்தார்.

பிராண்ட் முதலில் கற்றுக்கொண்டது தச்சும் கொத்து வேலையும். பிறகுதான் லண்டனில் மருத்துவம் படித்தார். 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை செய்து மறுபடி வேலை செய்ய வைக்கும் முறையை அங்கேதான் உருவாக்கினார். 1966இல் அமெரிக்காவில் லூசியானா மாநிலத்தின் கார்வில் மருத்துவமனைக்குப் போய், 2003இல் சியாட்டிலில் காலமானார்.

தெரிந்த மண்ணில் தொடங்கும் கதையில் பாதி அர்த்தம் நமக்கு முன்பே தெரிந்திருக்கும். நரம்புச் சிலந்தி என்ற நோயை எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். குடிநீர் வழியாக உடம்புக்குள் போகும் புழு, நூல் போல நீண்டு வளர்ந்து காலில் தலை நீட்டும். பிராண்டின் அப்பா அதை ஒரு குச்சியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி வெளியே எடுப்பார். அவசரப்பட்டு இழுத்தால் புழு அறுந்து உள்ளே சீழ் வைத்துவிடும். அந்த இடத்தை இங்கிலீஷில் படித்தபோது, சுற்றுவதற்கு வைண்ட் என்றும், சின்னக் குச்சிக்கு ட்விக் என்றும், பட்டென்று அறுவதற்கு ஸ்னாப் என்றும் அகராதி இல்லாமலே புரிந்தது. காட்சி ஏற்கனவே மனதில் இருந்ததால் சொல் தானாகப் போய் உட்கார்ந்துகொண்டது. 2000ஆம் ஆண்டில் இந்தியா அந்த நோயிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. நோய் ஒழிந்துவிட்டது, அதன் மூலம் கற்ற மூன்று சொற்கள் என்னிடம் இருக்கின்றன.

2. பல ஆட்களைத் தேடாமல் ஒரே ஆளைத் தொடருங்கள்

நான் படித்தவை இரண்டு புத்தகங்கள். டோரதி கிளார்க் வில்சன் 1965இல் எழுதிய 'டென் ஃபிங்கர்ஸ் ஃபார் காட்' ஒன்று. பிலிப் யான்சியோடு சேர்ந்து பிராண்டே 1993இல் வெளியிட்ட 'பெயின்: தி கிஃப்ட் நோபடி வான்ட்ஸ்' மற்றொன்று. இரண்டிலும் ஆள் ஒருவர், ஊர்கள் அவையே, பல சம்பவங்களும் அவையே. முதல் புத்தகத்தில் திணறிய சொல் இரண்டாவதில் பழகிய முகமாக வந்து நின்றது.

இப்படி ஒரே பொருளை, ஒரே ஆளைச் சுற்றியே வாசிப்பதால் மொழி சீக்கிரம் படியும் என்று ஸ்டீபன் கிராஷன் என்ற மொழியறிஞர் 1981லேயே எழுதியிருக்கிறார். நியூசிலாந்தின் பால் நேஷன் சொல்லும் கணக்கும் உதவியது. துணையில்லாமல் ஒரு பக்கத்தைப் புரிந்துகொள்ள, நூறு சொல்லில் 98 தெரிந்திருக்க வேண்டுமாம். அப்படியானால் தெரியாத சொல் நூறுக்கு இரண்டுதான் இருக்கலாம்.

அந்த அளவுக்கு எனக்கு இங்கிலீஷ் கிடையாது. அதனால் ஒரு குறுக்கு வழி பிடித்தேன். முதலில் பிராண்டின் கதையைத் தமிழில் கேட்டும் படித்தும் மனதில் ஏற்றிக்கொண்டேன். அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்துகொண்டு வாசித்தால், நூறுக்குப் பத்துச் சொல் புரியாவிட்டாலும் கதை கையை விட்டுப் போகாது. கதை தெரிந்துவிட்டால் சுவாரசியம் போய்விடும் என்று பயப்பட வேண்டாம். எப்படிச் சொல்லியிருக்கிறார்கள் என்று பார்ப்பதில் வேறொரு சுவாரசியம் இருக்கிறது.

3. பெரிய சொற்களை விட்டு, கை செய்யும் வேலைகளைப் பிடியுங்கள்

மருத்துவரின் கதை என்றதும் பலரும் நோய்ப் பெயர்களையும் உறுப்புப் பெயர்களையும் எழுத ஆரம்பிப்பார்கள். அவற்றுக்கு அகராதி போதும். தினப்படி பேச்சுக்கும் வாசிப்புக்கும் வேண்டியவை வினைச்சொற்கள். கை அறுவை மருத்துவரின் கதையில் அவற்றுக்குப் பஞ்சமே இல்லை.

1947இல் பிராண்ட் செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போகிறார். விரல்கள் மடங்கிப்போன ஒருவரிடம் தன் கையைக் கொடுத்து அழுத்திப் பிடிக்கச் சொல்கிறார். வலுவே இருக்காது என்று நினைத்தவருக்கு நகம் பதிந்து வலிக்கிறது. செத்துப்போனதாக எல்லோரும் நினைத்த கைக்குள் உயிருள்ள தசைகள் இருப்பது அந்த நொடியில் அவருக்குப் பிடிபடுகிறது. முழங்கையருகே நரம்பு கெட்டால் உள்ளங்கையின் சின்னத் தசைகள்தான் முடங்கும். முன்கையிலிருந்து விரலை மடக்கும் பெரிய தசைகள் நன்றாகவே இருக்கும். நன்றாக வேலை செய்யும் ஒரு தசைநாணை எடுத்து, முடங்கியதன் வேலைக்குத் திருப்பிவிடலாம். அவருடைய அறுவைமுறையின் அடிப்படை அதுதான்.

இந்த ஒரு நிகழ்ச்சியைப் படித்தாலே பிடிப்பதற்கு எத்தனை சொல்! கிரிப் என்றால் விடாமல் பிடிப்பது. கிராஸ்ப் என்றால் எட்டிப் பற்றுவது. ஸ்க்வீஸ் என்றால் பிழிகிற மாதிரி அழுத்துவது. கிளென்ச் என்றால் கை முஷ்டியாக இறுகுவது. ஃபம்பிள் என்றால் விரல் தடுமாறித் துழாவுவது. பின்ச் என்பது கிள்ளுவது மட்டும் இல்லை, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து சாவியைப் பிடிப்பதும் அதே சொல்தான். ஒவ்வொன்றையும் எழுதும்போது கையால் செய்து பார்த்துவிட்டே எழுதினேன். கல்லாப் பெட்டி முன்னால் முஷ்டியை மடக்கி விரிப்பதைப் பார்த்து, வந்தவர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்ததும் உண்டு.

4. நோட்டை அகரவரிசையில் வைக்காதீர்கள்

சொற்களை நான் சம்பவங்களின் கீழே எழுதினேன். ஒரு பக்கத்தின் தலைப்பு 'துருப்பிடித்த பூட்டு'. பிராண்டால் திறக்க முடியாத பூட்டை ஒரு சிறுவன் சாவியைத் திருகித் திறந்துவிடுகிறான். பிறகு பார்த்தால் அவன் விரல் எலும்பு தெரிய வெட்டுப்பட்டிருக்கிறது. அவனுக்கு அது தெரியவே இல்லை. தொழுநோயாளிகளின் விரல் அழுகி உதிர்வதாகச் சொல்வது தவறு, வலி தெரியாததால்தான் அவர்கள் தங்களையே காயப்படுத்திக்கொள்கிறார்கள் என்று பிராண்ட் உறுதிப்பட இத்தகைய சம்பவங்களே காரணம். துரு, திருகு, கிழிசல், மரத்துப்போதல் என்பதற்கான இங்கிலீஷ் சொற்கள் எல்லாம் அந்தப் பக்கத்தில் இருக்கின்றன.

இன்னொரு பக்கம் 'எலியும் பூனையும்'. இரவில் எலி கடிப்பதுகூடத் தெரியாமல் தூங்கும் நோயாளிகளுக்குப் பூனை வளர்க்கக் கொடுத்த கதை. மூன்றாவது 'குதிகால்'. லண்டனுக்கு ரயிலில் போய் இறங்கிய இரவில், தன் குதிகாலில் உணர்ச்சி இல்லாததைக் கண்டு, தனக்கும் தொழுநோய் வந்துவிட்டது என்று பிராண்ட் தூங்காமல் கிடக்கிறார். விடிந்ததும் ஊசியால் குத்திப் பார்த்து, வலித்ததற்காக மகிழ்ச்சியில் திளைக்கிறார். பயத்தையும் நிம்மதியையும் சொல்லும் அத்தனை சொல்லும் அந்தக் குதிகால் பக்கத்தில் கிடைத்தன. ஒரு சொல் மறந்தால் சம்பவத்தை நினைத்தால் போதும், கூடவே வந்துவிடும்.

5. இங்கிலீஷ் சொல்லுக்கு உங்கள் ஊர்ச் சொல்லைத் தேடுங்கள்

வலியைப் பற்றிய புத்தகத்தைப் படிக்கும்போது எனக்கு இருந்த வசதி, கடைக்கு வருபவர்கள். "ஏனுங்க, கால் மதமதன்னு இருக்குதுங்க, செருப்பு கழண்டாக்கூடத் தெரிய மாட்டேங்குதுங்க" என்பார் ஒருவர். "பல்லு விண்ணுவிண்ணுன்னு தெறிக்குதுங்க தம்பி" என்பார் இன்னொருவர். முழங்காலில் குடைச்சல், விலாவில் குத்தல், புண்ணில் காந்தல், முதுகில் சுருக்கென்று ஒரு பிடிப்பு. அவர்கள் சொல்வதையெல்லாம் நோட்டின் இடப்பக்கத்தில் எழுதி வைத்து, புத்தகத்தில் வந்த நம்ப், த்ராப், ஏக், ஸ்டாப், பர்ன் போன்றவற்றை எதிரே பொருத்தினேன். மதமதப்புக்கு நம்ப், விண்விண்ணுக்கு த்ராப் என்று சில சரியாக அமைந்தன. குடைச்சலுக்கு ஒரே சொல்லாக இன்றுவரை எனக்கு அகப்படவில்லை.

இதை வெறும் விளையாட்டு என்று நினைத்துவிட வேண்டாம். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் மெல்சாக் 1975இல் உருவாக்கிய வலி வினாப்பட்டியலில், வலியைச் சொல்லும் 78 சொற்களை 20 குழுக்களாகப் பிரித்திருக்கிறார். நோயாளி எந்தச் சொல்லைத் தேர்கிறார் என்பது மருத்துவருக்கு ஒரு தடயம். எரிச்சலும் மதமதப்பும் சேர்ந்து வந்தால் நரம்பைச் சந்தேகிப்பார்கள்.

தமிழ்ச் சொல்லில் தடுமாற்றம் வந்தால் இரண்டு அகராதிகள் துணை. 1960களில் வந்த சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலம்-தமிழ்ச் சொற்களஞ்சியம் ஒன்று. எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு இருக்கும் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி இன்னொன்று.

6. தெரியாத தொழிலுக்கு அந்தத் தொழில்காரரிடம் போங்கள்

பிராண்டின் இளமைக்கால அத்தியாயங்கள் முழுக்கக் கட்டட வேலையும் மரவேலையும்தான். மருந்துக்கடைக்காரனுக்கு அதில் ஒன்றும் தெரியாது. நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைகளுக்கா பஞ்சம்? தெரிந்த தச்சு ஆசாரி ஒருவரிடம் புத்தகத்தோடு போய், அவர் பலகையில் இழைப்புளி ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தேன். உளி, இழைப்புளி, மரத்தின் ஓட்டம் என்று அவர் காட்டக் காட்ட, சிசல், பிளேன், கிரெய்ன் என்று நான் குறித்துக்கொண்டேன். கொத்தனார் ஒருவரிடம் கரணை, ரசமட்டம், தூக்குக்குண்டு. மரத்தை அறிந்த கைதான் பிறகு தசைநாணை எந்தக் கோணத்தில் இழுக்கலாம் என்று கணக்குப் போட்டது என்பதும் அந்தப் பட்டறையில் உட்கார்ந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

7. பழைய புத்தகத்தின் எல்லாச் சொல்லையும் எடுத்துக்கொள்ளாதீர்கள்

1965இல் எழுதிய புத்தகத்தில் அந்தக் காலத்து வழக்குகள் இருக்கும். நோயாளியை நோயின் பெயராலேயே குறிப்பிடும் இங்கிலீஷ் சொல்லை இன்று தவிர்க்கிறார்கள். தமிழிலும் 'குஷ்டரோகி' போய் 'தொழுநோயாளி' வந்து எத்தனையோ காலமாகிவிட்டது. மிஷனரிகளின் கதை என்பதால் மதம் சார்ந்த சொற்களும் நிறைய வரும். எனக்கு அவை பேச்சில் பயன்படாது என்பதால் புரிந்துகொண்டு கடந்துவிட்டேன். நோட்டில் ஒரு சொல்லை எழுதுமுன், இதை நாளை யாரிடமாவது சொல்வேனா என்று கேட்டுப் பாருங்கள்.

8. கற்ற சொல்லை வேலையில் இறக்குங்கள்

வேலூரிலும் அதன் அருகே கரிகிரி தொழுநோய் மையத்திலும் உணர்வற்ற கால்களுக்காகப் பயன்படுத்திய மைக்ரோசெல்லுலர் ரப்பர் செருப்பைத்தான் இன்று சர்க்கரை நோயாளிகள் எம்.சி.ஆர். செருப்பு என்று கேட்டு வாங்குகிறார்கள். நரம்பு சொல்லாததைக் கண்தான் சொல்ல வேண்டும், தினமும் கைகால்களைப் பாருங்கள் என்று பிராண்ட் தொழுநோயாளிகளுக்குச் சொல்லிக்கொடுத்தது சர்க்கரைக்காரர்களுக்கும் அப்படியே பொருந்தும். செருப்பு கேட்டு வருபவரிடம் அதைத் தமிழில் சொல்கிறேன்.

சேலத்தில் பெரிய டாக்டரைப் பார்க்கப் போகும் வயதானவர்களுக்கு, அவர்கள் படும் நோவை ஒரு சீட்டில் இங்கிலீஷில் எழுதிக் கொடுக்கிறேன். எந்த இடம், எந்த நேரம், எந்த மாதிரி வலி, எதை எடுத்தால் கை தடுமாறுகிறது என்று நான்கைந்து வரி. அவர்கள் சொன்ன தமிழ்ச் சொல்லையும் பக்கத்திலேயே எழுதிவிடுவேன். அங்கே இரண்டு நிமிடத்தில் பெரியவருக்கு வாய் வராமல் போனாலும் சீட்டு பேசும்.

உங்களுக்கு பிராண்ட்தான் வேண்டும் என்றில்லை. புதுக்கோட்டைப் பக்கம் இருப்பவர், 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் தேறிய முத்துலட்சுமி ரெட்டியின் தன்வரலாற்றை எடுக்கலாம். உங்கள் தொழிலுக்கோ ஊருக்கோ கிட்டத்தில் இருக்கும் ஒருவராக இருந்தால் சரி. புத்தகத்தின் நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். அங்கே யாராவது ஏதாவது ஒரு வேலையைச் செய்துகொண்டிருந்தால் அதை வாங்குங்கள். வெறும் பாராட்டும் பட்டியலுமாக இருந்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.