கழுத்துவலிக்குக் குனிவது மட்டுமா காரணம்?

கைப்பேசி பார்க்கக் குனிந்தால் கழுத்தில் 27 கிலோ ஏறும் என்ற எச்சரிக்கை வாட்ஸ்அப்பில் இன்னும் சுற்றுகிறது. அமெரிக்க முதுகெலும்பு அறுவை மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014இல் வெளியிட்ட கணக்கு அது. தலை நேராக இருக்கையில் ஏறத்தாழ 5 கிலோவாக இருக்கும் சுமை, 60 பாகை குனிந்தால் 27 கிலோவாகிறது. ஆனால் அது கணினி மாதிரியில் போட்ட கணக்கு. யார் கழுத்திலும் அளந்ததல்ல. 18 முதல் 21 வயதான 150 பேரிடம் பிரேசிலில் நடத்தி 2018இல் வெளியான ஆய்வோ, அப்படிக் குனிவதற்கும் கழுத்துவலிக்கும் தொடர்பைக் காணவில்லை. அப்படியானால் இஷ்டப்படி குனியலாமா? கூடாது. குனியக் குனியத் தசைக்கு வேலை கூடுகிறது என்பது மாறவில்லை. அந்த வேலையை இடைவெளியின்றி வாங்குவதுதான் வினை. எனவே உடலுக்குச் சிரமம் குறைந்த இருப்பை அமைத்துக்கொள்வதும், அதிலும் நெடுநேரம் உறைந்துவிடாதிருப்பதும் ஒருசேர வேண்டும்.

முதலில் லேப்டாப். திரையும் கீபோர்டும் ஒட்டியே இருப்பதால் ஒன்று சரியான உயரத்தில் இருந்தால் மற்றது இருக்காது. தடித்த புத்தகங்களை அடுக்கித் திரையின் மேல்விளிம்பைக் கண்மட்டத்துக்கு உயர்த்துங்கள். பைஃபோகல் கண்ணாடி அணிபவர்கள் சற்றுத் தாழ்த்தலாம். தனிக் கீபோர்டும் மவுஸும் வாங்கி, முழங்கை உடலை ஒட்டி மடங்கும் உயரத்தில் வையுங்கள். கால் தரையில் எட்டாவிட்டால் ஒரு மணைப்பலகை போதும். அடுத்து கைப்பேசி. முழங்கைக்குத் தலையணையோ மேசையோ முட்டுக்கொடுத்து, கைப்பேசியை மார்புக்கு மேலே உயர்த்திப் பிடியுங்கள். நீண்ட பதில்களைத் தட்டாமல் பேசி அனுப்புங்கள்.

மூன்றாவது, அரைமணிக்கு ஒருமுறை எழுந்திருங்கள். வேலை கெடும் என்பீர்கள். ஒரு மின்னஞ்சல் முடிந்ததும் எழுவது, அழைப்பு வந்தால் நடந்தபடி பேசுவது என்று வேலையோடு சேர்த்துவிட்டால் கெடாது. கண்ணுக்கும் ஓய்வு வேண்டும்: 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடிக்கு அப்பால் 20 விநாடி பார்த்து, நன்றாக இமையுங்கள். திரை பார்க்கையில் நாம் இமைப்பது குறைந்துவிடுகிறது. 'காலையில் நடக்கிறேனே, போதாதா?' என்றால், இதயத்துக்கு அது பெரிய நன்மைதான். பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளைத் தொகுத்து லான்செட் மருத்துவ இதழ் 2016இல் வெளியிட்ட ஆய்வின்படி, தினமும் 60 முதல் 75 நிமிட மிதமான உடலுழைப்பு, நெடுநேரம் உட்கார்வதால் கூடும் மரண அபாயத்தை ஈடுகட்டுகிறது. ஆனால் பிற்பகலில் இறுகும் கழுத்தை அந்த இடத்திலேயே எழுந்துதான் தளர்த்த வேண்டும். இவ்வளவுக்கும் பிறகு கை மரத்துப்போனாலோ, பிடி தளர்ந்தாலோ நாற்காலியை மாற்றிக்கொண்டிராமல் மருத்துவரைப் பாருங்கள்.