நுரை எங்கே நிற்க வேண்டும்: பெரிய பவளத் தொட்டிக்கு ஸ்கிம்மர்

ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். பவளம் வளர்ப்பவர்கள் ‘பெரிய டேங்க்’ என்று பேச ஆரம்பிப்பது அநேகமாக இந்த அளவிலிருந்துதான். கண்ணாடிக் கணக்கில் 680 லிட்டர். கடையில் இதைச் சொல்லி ஸ்கிம்மர் கேட்டால், “ஆயிரம் லிட்டர் மாடல் பத்தாது சார், ரெண்டாயிரத்துக்கு எடுத்துக்கோங்க” என்பார்கள். எடுத்து வந்து வைத்தால் வாரக்கணக்கில் கழிவு விழும் கப்பில் ஒன்றும் சேராது. இல்லாவிட்டால் ஒரே ராத்திரியில் பொங்கி வழிந்து தரையெல்லாம் உப்புத் தண்ணீராகும். பழி இயந்திரத்தின் தலையில் விழும். ஸ்கிம்மர் தரும் தொல்லைகளில் பெரும்பாலானவை உண்மையில் அது நிற்கும் தண்ணீரின் உயரத்தால் வருபவை. அதனால் கடைக்குப் போவதற்கு முன் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு, தொட்டிக்குக் கீழே கேபினட்டுக்குள் இருக்கும் வடிகட்டித் தொட்டியான சம்பின் முன்னால் உட்காருங்கள்.

என்ன செய்யும், என்ன செய்யாது

மீன்களின் கழிவு, மிச்ச உணவு, பாசி கசியவிடுவது, பவளம் விடும் கோழை எல்லாம் தண்ணீரில் கரைகின்றன. இந்தக் கரிமப் பொருள்கள் பலவற்றுக்கு ஒரு முனை தண்ணீரோடு ஒட்டும், மறுமுனை விலகும். அப்படிப்பட்டவை காற்றும் தண்ணீரும் சந்திக்கும் பரப்பில் போய் ஒதுங்கும். 2019 கடைசியில் பெருமழைக்குப் பின் சென்னை பட்டினப்பாக்கம் கரையில் வெள்ளை வெளேரென்று நுரை ஒதுங்கியதல்லவா? கழிவு கலந்த தண்ணீரும் அலை அடித்த காற்றும் சேர்ந்து செய்த அதே வேலையைத்தான் ஸ்கிம்மர் ஒரு குழாய்க்குள் செய்கிறது. நுண்ணிய குமிழிகளை இடைவிடாமல் விடுகிறது. அழுக்கு குமிழியில் ஒட்டி நுரையாக மேலேறுகிறது. கழுத்து வழியாகக் கப்பில் விழுகிறது. அம்மோனியாவாகவும் நைட்ரேட்டாகவும் சிதைவதற்கு முன்பே அழுக்கை வெளியேற்றுவதுதான் இதன் பெருமை. நன்னீரில் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகிவிடும். அதனால் வீட்டு நன்னீர்த் தொட்டிக்கு இது உதவாது.

எல்லாவற்றையும் எடுத்துவிடும் என்ற நம்பிக்கை மட்டும் வேண்டாம். அமெரிக்காவின் பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் கென் ஃபெல்ட்மனும் அவர் குழுவும் 2009-இல் பல ஸ்கிம்மர்களை ஒப்பிட்டு அளந்தார்கள். தண்ணீரிலிருந்த கரிமக் கார்பனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எந்த ஸ்கிம்மராலும் எடுக்க முடியவில்லை. மீதி, குமிழியில் ஒட்டாத சரக்கு. பெரிய ஸ்கிம்மர் வாங்கினாலும் அது ஒட்டப்போவதில்லை. அதைக் கரியும் தண்ணீர் மாற்றமும் பாக்டீரியாவும்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் ஸ்கிம்மர் இன்னொரு உபகாரம் செய்கிறது: காற்றைக் கலக்கி ஆக்சிஜனை ஏற்றுகிறது. வெயில்காலத்தில் தொட்டி 28 டிகிரியைத் தாண்டும்போது இதன் அருமை தெரியும்.

அளவைப் போடுவது

பெட்டியில் அச்சிட்ட லிட்டரைப் பார்ப்பதற்கு முன் உங்கள் தண்ணீரைக் கணக்கிடுங்கள். நம் 680 லிட்டர் தொட்டியில் விளிம்புக்குக் கீழே விடும் இடைவெளி, பாறை, மணல் எல்லாவற்றையும் கழித்தால் 540 அல்லது 550 லிட்டர் நிற்கலாம். நான்கடிக்கு ஒன்றரையடி சம்பில் இருபது சென்டிமீட்டர் தண்ணீர் ஓடினால் இன்னொரு 110 லிட்டர். ஆக, சுத்தப்படுத்த வேண்டியது சுமார் 650.

அடுத்து மீன் எத்தனை, தீனி எவ்வளவு என்பது. நல்ல தயாரிப்பாளர்கள் ஒரே மாடலுக்கு இரண்டு மூன்று எண்கள் தருவார்கள்: மீன் குறைவு என்றால் இவ்வளவு லிட்டர், நிறைய என்றால் இவ்வளவு. பெரிய எழுத்தில் இருப்பது எப்போதும் ‘குறைவு’ எண்தான். டேங் மீன்கள் ஏழெட்டு, ஒரு நாளில் மூன்று வேளை தீனி என்றால் ‘நிறைய’ என்ற எண் 650-க்குப் பக்கத்தில் இருக்கும் மாடலை எடுங்கள். பவளமே பிரதானம், மீன் ஐந்தாறுதான் என்றால் நடு எண்ணை வைத்துப் பார்த்தால் போதும்.

இரண்டு மடங்கு பெரிதாக வாங்குவது பாதுகாப்பு என்பது தப்புக் கணக்கு. கழுத்து அகலமான ஸ்கிம்மருக்கு நுரையைத் தாங்கி நிறுத்த அழுக்கு நிறைய வேண்டும். அழுக்கு போதாவிட்டால் நுரை பாதிக் கழுத்து ஏறி உடைந்து விழும். இரண்டு நாள் ஒன்றும் வராது. மூன்றாம் நாள் ஏதோ காரணத்தால் எல்லாம் ஒரேயடியாகப் பொங்கும். தினம் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கும் சின்ன இயந்திரம் இதைவிட மேல்.

வகைகள் பல. மரக்கட்டையில் காற்று விடும் பழைய பாணி, வேகமாகத் தண்ணீர் பீச்சும் பெக்கெட் வகை, தொட்டியின் பின்புறம் தொங்குவது, வெளியே தனியாக நிற்பது. இந்த அளவுத் தொட்டிக்கு, சம்புக்குள் நிற்கும் ஊசிச்சக்கர ஸ்கிம்மரை எடுத்துக்கொள்வதே நிம்மதி. பம்பின் இம்பெல்லரில் பற்கள் போல் ஊசிகள் இருக்கும். உறிஞ்சிய காற்றை அவை நறுக்கித் தள்ளும். வழிந்தாலும் கசிந்தாலும் பெரும்பாலும் சம்புக்குள்ளேயே விழும்.

அமெரிக்காவிலிருந்து உறவினர் கையில் கொடுத்தனுப்பச் சொல்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்பார்மர் வோல்டேஜை மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. ஏ.சி. பம்ப் மெதுவாகச் சுழன்று, காற்றைக் குறைவாக இழுக்கும். 50 ஹெர்ட்ஸுக்கான பம்ப் அல்லது அடாப்டரில் ஓடும் டி.சி. பம்ப் உள்ள மாடலாகப் பார்த்து எடுங்கள். டி.சி. பம்பில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம் என்பது கூடுதல் வசதி.

சம்பை அளப்பது

நான்கு அளவுகள் வேண்டும்: ஸ்கிம்மர் நிற்கும் அறையின் நீளம், அகலம், அங்கே தண்ணீர் நிற்கும் உயரம், தரையிலிருந்து கேபினட்டின் மேல்பலகை வரை உள்ள உயரம். கடைசியை மறப்பவர்கள் அதிகம். ஸ்கிம்மர் 55 சென்டிமீட்டர், இடம் 58 சென்டிமீட்டர் என்றால் இயந்திரம் உள்ளே போகும். கப்பைக் கழற்ற முடியாது. கப்பின் உயரத்துக்கு மேல் கை நுழையவும் இடம் விடுங்கள்.

தண்ணீர் உயரம்தான் உயிர்நாடி. ஒவ்வொரு மாடலுக்கும் அது எத்தனை சென்டிமீட்டர் தண்ணீரில் நிற்க வேண்டும் என்று குறிப்பேட்டில் இருக்கும். பலவற்றுக்கு 18 முதல் 23 சென்டிமீட்டர் வரை. அதோடு, அந்த உயரம் நாள் முழுவதும் மாறாமல் இருக்க வேண்டும். சம்பில் ஆவியாதலால் மட்டம் இறங்குவது, தண்ணீரை மேல் தொட்டிக்குத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் பம்ப் இருக்கும் கடைசி அறையில்தான். ஸ்கிம்மரை அங்கே வைத்தால் காலையில் ஒரு மாதிரி, மாலையில் ஒரு மாதிரி வேலை செய்யும். மேல் தொட்டியிலிருந்து தண்ணீர் வந்து விழும் அறையில், தடுப்புக் கண்ணாடியால் மட்டம் கட்டுப்பட்ட இடத்தில் வையுங்கள். அங்கே தண்ணீர் ஆழம் அதிகமென்றால் அக்ரிலிக் துண்டுகளை ஒட்டி ஒரு பீடம் செய்து ஸ்கிம்மரை உயர்த்துங்கள். ஆழம் குறைவென்றால் தடுப்பின் மேல் ஒரு கண்ணாடிப் பட்டை ஒட்டி மட்டத்தை ஏற்றலாம். அதற்கு முன் கரண்ட் போனால் சம்ப் வழியுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓடவிடுவது

புது ஸ்கிம்மரின் பிளாஸ்டிக்கில் அச்சு எண்ணெய் ஒட்டியிருக்கும். வினிகர் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் ஓடவிட்டு, அலசி, பிறகு சம்பில் வையுங்கள். வெளியேறும் குழாயின் வால்வை முழுக்கத் திறந்துவிடுங்கள். திறந்தால் உள்ளே மட்டம் இறங்கும், மூடினால் ஏறும். முதல் சில நாள் ஒன்று நுரையே வராது, அல்லது வெள்ளை நுரை கண்டபடி பொங்கும், ரிட்டர்ன் பம்ப் வழியாகத் தொட்டிக்குள் பொடிக் குமிழிகளும் போகும். சில நாளிலிருந்து இரண்டு வாரம் வரை இப்படித்தான். இந்தக் காலத்தில் வால்வைத் திருகிக்கொண்டே இருப்பது வீண்.

பழகியபின் கழுத்தை உற்றுப் பாருங்கள். அடியில் ரவைபோல் பொடிக் குமிழிகள் நெருக்கமாக, பால்வெள்ளையாகக் கொதிக்கும். கழுத்து தொடங்கும் இடத்தில் தண்ணீர் முடிந்து நுரை தொடங்கும் கோடு தெரியும். அதற்கு மேலே குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி, அறுகோணக் கண்ணாடிச் சில்லுகள் மாதிரி அடுக்கி நிற்கும். உச்சியில் பழுப்புப் படலம் திரண்டு, மெதுவாக விளிம்பில் சரிந்து கப்பில் விழும். அந்தக் கோட்டைக் கழுத்தின் அடியில் நிறுத்துவதுதான் டியூனிங்கின் சாரம். வால்வை ஒரு நூலளவு திருப்புங்கள், மறுநாள் வரை கை வைக்காதீர்கள்.

கப்பில் சேர்வது கடுந்தேநீர் நிறத்தில் இருந்தால் சரி. இன்னும் உலர்வாக ஓடவிட்டால் கறுப்புக் கூழாக வரும். பார்க்கத் திருப்தி, ஆனால் கழுத்தில் அப்பிக்கொண்டு அடுத்த நுரையைத் தடுக்கும். மீன் அதிகமுள்ள தொட்டிக்குச் சற்று ஈரமாகவே ஓடவிடுவது என் கட்சி.

தீனி போட்டதும், கையைத் தொட்டிக்குள் விட்டதும் நுரை சட்டென்று அமுங்கும். எண்ணெய்ப் பசைதான் காரணம். சில மணி நேரத்தில் திரும்பிவிடும். பவளத்தை ஒட்ட எபாக்சி பசை வைத்தாலோ, சில மருந்துகளை ஊற்றினாலோ நேர் எதிர்: கப் நிமிடங்களில் நிரம்பும். அந்த நாள்களில் கப்பைக் கழற்றிவிட்டு ஓடவிடுங்கள், காற்றாவது ஏறும்.

வழிந்தால் வரும் வினை

கப்பிலிருந்து ஒரு டியூப் போட்டு வாளியில் விடுவது வழக்கம். ஆவியாகும் தண்ணீரை ஈடுகட்டத் தானாக நன்னீர் நிரப்பும் ஏ.டி.ஓ. கருவியும் இருக்கும். இந்த இரண்டும் கூட்டுச் சேர்ந்தால்தான் ஆபத்து. ஸ்கிம்மர் பொங்கி உப்புத் தண்ணீரை வாளிக்கு அனுப்ப, சம்பில் மட்டம் இறங்குகிறது, ஏ.டி.ஓ. அதை ஆவியாதல் என்று நினைத்து நன்னீர் விடுகிறது. ஸ்கிம்மர் மறுபடி வெளியே தள்ளுகிறது. 650 லிட்டரில் 50 லிட்டர் இப்படி மாறினால் உப்பின் அளவு 35-இலிருந்து 32 சொச்சத்துக்கு இறங்கிவிடும். மீன் தாங்கலாம், பவளமும் இறாலும் சுருங்கிவிடும். பரிகாரம் மலிவானது: வாளியில் ஒரு ஃப்ளோட் சுவிட்ச் வைத்து, அது மிதந்ததும் ஸ்கிம்மர் பம்ப் நிற்கும்படி இணையுங்கள். அது இல்லாதவரை வாளி ஐந்து லிட்டருக்கு மேல் வேண்டாம். வழிந்து தரை நனைந்தாலாவது உங்களுக்குத் தெரியும்.

மின்வெட்டும் இதே கதையைக் கிளப்பும். ரிட்டர்ன் பம்ப் நின்றதும் மேல் தொட்டியில் இரண்டு சென்டிமீட்டர் இறங்கினால் அது 22 லிட்டர். சம்பில் மட்டம் நான்கு சென்டிமீட்டர் ஏறும். கரண்ட் வந்ததும் இரண்டு பம்பும் ஒன்றாகக் கிளம்பினால் ஸ்கிம்மர் அந்த நான்கு சென்டிமீட்டர் கூடுதல் ஆழத்தில் ஓடி வழியும். ஸ்கிம்மருக்கு மட்டும் பத்து நிமிடம் தாமதித்து இயங்கும் டைமர் பிளக் போட்டால் போதும். இன்வெர்ட்டரில் ஸ்கிம்மரைக் கோக்க வேண்டியதில்லை. அலை பம்பையும் காற்று பம்பையும் கோத்துக்கொள்ளுங்கள். சில மணி நேரம் ஸ்கிம்மர் இல்லாமல் தொட்டி தாங்கும்.

எந்தக் காற்றை இழுக்கிறது?

கதவு சன்னல் சாத்திய ஏ.சி. அறையில் நான்கு பேர் உட்கார்ந்தால் கார்பன் டை ஆக்சைடு ஏறும். ஸ்கிம்மர் அந்தக் காற்றைத் தண்ணீரில் கலக்க, பி.எச். 7.8-க்குக் கீழே இறங்கும். காரணம் அதுதானா என்று அறிய, ஒரு குவளைத் தொட்டித் தண்ணீரை மொட்டைமாடிக்குக் கொண்டுபோய், காற்றுக்கல் போட்டு ஒரு மணி நேரம் கழித்து அளந்து பாருங்கள். பி.எச். ஏறினால் குற்றவாளி அறைக் காற்று. ஸ்கிம்மரின் காற்று டியூபை நீட்டிச் சன்னலுக்கு வெளியே விட்டால் தீரும்.

ஆனால் வெளியே கொசுப்புகை வண்டி வரும். கொசுமருந்துகளில் பெரும்பாலும் இருக்கும் பைரித்ராய்டு மீனுக்கும் இறாலுக்கும் கொடிய விஷம், ஸ்கிம்மரோ காற்றைத் தண்ணீரில் கரைப்பதற்கென்றே செய்த இயந்திரம். வண்டிச் சத்தம் கேட்டதும் சுவிட்சை அணையுங்கள். தொட்டி இருக்கும் அறையில் கொசுவர்த்தியும் திரவ மருந்தும் அறவே கூடாது. வீட்டில் பெயின்ட் அடிக்கும் நாளிலும் ஸ்கிம்மரை நிறுத்திவிடுங்கள்.

பராமரிப்பு

இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கப்பைக் கொட்டி, கழுத்தின் உள்சுவரைத் துடையுங்கள். அந்தப் பசை மட்டும் இருந்தாலே நுரை ஏறாது. மாதம் ஒருமுறை காற்று டியூபின் நுனியைச் சூடான ஆர்.ஓ. தண்ணீரில் முக்கி ஒரு டம்ளர் உறிஞ்சவிடுங்கள். காற்று நுழையும் துளையில் உப்பு படிந்து சத்தமில்லாமல் அடைத்திருக்கும்; “திடீர்னு நுரையே வரலை” என்பதற்கு முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை பம்பைக் கழற்றி வினிகரிலோ சிட்ரிக் அமிலக் கரைசலிலோ ஊறவைத்துச் சுண்ணாம்பை நீக்குங்கள். இம்பெல்லரின் பீங்கான் தண்டு லேசாகத் தட்டினாலே உடையும்.

நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சோதனையில் பூஜ்ஜியமாக வந்து, பவளம் வெளிறத் தொடங்கினால் ஸ்கிம்மர் அளவுக்கு மீறி உழைக்கிறது என்று கொள்ளுங்கள். தீனியைக் கூட்டுங்கள், அல்லது ஸ்கிம்மரைப் பகலில் சில மணி நேரம் நிறுத்துங்கள். இரவில் நிறுத்தாதீர்கள், ஆக்சிஜன் குறையும் நேரம் அது. நைட்ரேட் 2 முதல் 10 பிபிஎம் வரை இருப்பது கலப்புப் பவளத் தொட்டிக்கு ஒத்துவரும். உதிரி இம்பெல்லர் ஒன்றை ஸ்கிம்மர் வாங்கும்போதே சேர்த்து வாங்கிவிடுங்கள். மாடல் நின்றுபோனால் அந்தச் சின்னத் துண்டுக்காக முழு பம்பையும் மாற்ற வேண்டியிருக்கும்.