ஒரே சுவிட்சில் எரியும் விளக்குகளைத் தனித்தனியாகப் பிரிப்பது எப்படி?

ஓசூர், சூளகிரி, தளி, தேன்கனிக்கோட்டைப் பகுதிகளில் சிறு விவசாயிகளின் வீடுகள் பெரும்பாலும் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்தவை. முதலில் ஓட்டு வீடு, பிறகு மாட்டுக் கொட்டகை, வசதி வந்தபின் பட்டுப்புழு வளர்ப்பு மனை என்று கட்டிக்கொண்டே போகிறோம். புதிதாக ஒரு விளக்கு வேண்டுமென்றால், ஏற்கனவே எரியும் விளக்கிலிருந்தே கம்பி இழுத்து விடுகிறோம். விளைவு, ஒரு சுவிட்சைத் தட்டினால் நான்கு விளக்குகள் எரிகின்றன. சிப்காட் ஆலையில் இரவு ஷிப்டு முடித்து வந்து உறங்கும் மகனுக்கும், கொட்டகையில் பால் கறக்கும் தாய்க்கும் ஒரே சுவிட்சு என்பது இருவருக்கும் தொல்லைதான்.

பிரிப்பதால் என்ன நன்மை?

60 வாட் குண்டு பல்பு நான்கு, இரவில் 10 மணி நேரம் எரிந்தால் 2.4 யூனிட் செலவாகும். ஒன்று மட்டும் எரிந்தால் 0.6 யூனிட் போதும். மாதத்திற்கு 54 யூனிட் மிச்சம். 9 வாட் எல்.இ.டி. பல்புகளாக இருந்தால் மாத மிச்சம் சுமார் 8 யூனிட்தான். எனவே எல்.இ.டி. போட்டவர்களுக்கு மின்செலவை விட மற்ற இரண்டு நன்மைகளே பெரியவை.

முதலாவது, பட்டுப்புழு. புழுக்கள் மங்கலான வெளிச்சத்தையே விரும்பும். கடும் வெளிச்சம் ஆகாது. சந்திரிகையில் ஏற்றிய பிறகு ஒரு பக்கம் மட்டும் பலத்த வெளிச்சம் விழுந்தால், புழுக்கள் இருண்ட பக்கமாக ஒதுங்கி நெருக்கமாகக் கூடு கட்டும். இரட்டைக் கூடுகள் அதிகமாகி விலை குறையும். தீவனம் போடும் பகுதிக்கு ஒரு சுவிட்சு, சந்திரிகை உள்ள பகுதிக்கு வேறொரு சுவிட்சு இருந்தால் இதைத் தவிர்க்கலாம்.

இரண்டாவது, உயிர்ப் பாதுகாப்பு. ஒட்டுக் கம்பிகளும் அவசர இணைப்புகளும் ஈரமான கொட்டகையில் மாட்டையும் மனிதரையும் ஒருங்கே தாக்கக்கூடியவை.

இணைப்பின் முறை

வீட்டு மின்சாரம் 230 வோல்ட். பேஸ் கம்பியில் மின்சாரம் வருகிறது. நியூட்ரல் கம்பி வழியே திரும்புகிறது. சுவிட்சு எப்போதும் பேஸ் கம்பியில்தான் இருக்க வேண்டும். சுவிட்சிலிருந்து வெளியேறும் கம்பி விளக்குக்குப் போகிறது. இரண்டு விளக்குகள் ஒரே சுவிட்சில் எரிகின்றன என்றால், இந்த வெளியேறும் கம்பி எங்கோ ஓரிடத்தில் இரண்டாகப் பிரிகிறது என்று பொருள். அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதே முதல் வேலை.

1. சுவிட்சுப் பலகையிலேயே பிரிந்தால் வேலை எளிது. பேஸ் கம்பியிலிருந்து ஒரு சிறு துண்டு கொண்டு புதிய சுவிட்சுக்கு இணைப்புக் கொடுக்க வேண்டும். இரண்டாம் விளக்கின் கம்பியைப் பழைய சுவிட்சிலிருந்து கழற்றிப் புதிய சுவிட்சில் பொருத்த வேண்டும்.

2. ஜங்ஷன் பெட்டியில் பிரிந்தால், புதிய சுவிட்சிலிருந்து அப்பெட்டி வரை கூடுதலாக ஒரு கம்பி இழுக்க வேண்டும்.

3. ஒரு விளக்கின் ஹோல்டரிலிருந்தே அடுத்த விளக்குக்குப் போயிருந்தால், அங்கே அந்தக் கம்பியைத் துண்டித்து, புதிய சுவிட்சிலிருந்து வரும் தனிக் கம்பியோடு சேர்க்க வேண்டும்.

மூன்று முறைகளிலும் நியூட்ரல் கம்பியை மாற்ற வேண்டியதில்லை. விளக்குகளுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி போதுமானது. இணைப்புகள் பெட்டிக்குள் கனெக்டரில் இருக்க வேண்டும். முறுக்கி டேப் சுற்றித் தொங்கவிடக் கூடாது.

செய்யக் கூடாதவை

நியூட்ரல் கிடைக்கவில்லை என்று எர்த் கம்பியையோ, தரையில் அடித்த கம்பியையோ நியூட்ரலாகப் பயன்படுத்தக் கூடாது. அந்த எர்த் இணைப்பு அறுந்தால், அதில் தொடர்புள்ள இரும்புப் பொருள் அனைத்திலும் மின்சாரம் ஏறும்.

கிணற்று மோட்டார் இணைப்பிலிருந்து வீட்டு விளக்குக்குக் கம்பி இழுப்பது சட்டப்படி குற்றம். மேலும், வீட்டு மெயினை நிறுத்திய பிறகும் அக்கம்பியில் மின்சாரம் இருக்கும். அதைத் தொடுபவர் அறியமாட்டார்.

சுவிட்சை நியூட்ரலில் வைத்திருந்தால் விளக்கு அணைந்த பிறகும் ஹோல்டரில் மின்சாரம் இருக்கும். பல்பு மாற்றும்போது உயிர் போகக் காரணம் இதுவே. அணைத்த பிறகும் எல்.இ.டி. பல்பு மங்கலாக மினுங்கினால், இதைச் சந்தேகித்துச் சோதிக்கச் செய்யவும்.

யார் செய்ய வேண்டும்?

பல்பு, பியூஸ், சுவிட்சு ஆகியவற்றைப் பழையபடியே மாற்றுவது தவிர, புதிய இணைப்பு வேலைகளை உரிமம் பெற்றவரே செய்ய வேண்டும் என்பது 1956ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளிலேயே கூறப்பட்டது. பின்னர் வந்த ஒழுங்குமுறைகளிலும் அது தொடர்கிறது. எனவே தகுதிச் சான்று பெற்ற வயர்மேனை அழைக்கவும். வேலையை நீங்கள் அருகிலிருந்து கவனிக்கலாம்.

தொடங்குமுன் மெயினை நிறுத்த வேண்டும். இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் நிறுத்த வேண்டும். டெஸ்டர் வேலை செய்கிறதா என்று மின்சாரம் உள்ள இடத்தில் முதலில் பார்த்துக்கொண்டு, பிறகு கம்பியைச் சோதிக்க வேண்டும்.

வேலை முடிந்ததும் நான்கு சோதனைகள்: முதல் சுவிட்சுக்கு முதல் விளக்கு மட்டும், இரண்டாம் சுவிட்சுக்கு இரண்டாம் விளக்கு மட்டும், இரண்டும் சேர்ந்து, இரண்டையும் அணைத்தபின் ஹோல்டர்களில் டெஸ்டர் ஒளிரக் கூடாது. கடைசிச் சோதனையை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள்.

இதே சமயத்தில் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவி ஒன்றையும் மெயினில் பொருத்திக்கொள்வது நல்லது. பொருத்தியபின் மாதம் ஒருமுறை அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்க்கவும். பட்டுப்புழு மனையில் பிளீச்சிங் பவுடர் கரைசல் தெளிக்கும் நாளில் மெயினை நிறுத்திவிட்டே தெளிக்க வேண்டும். குளோரின் பித்தளை முனைகளை அரித்துவிடும் ஆகையால், அங்கு மூடியுள்ள சுவிட்சுப் பெட்டியே ஏற்றது. கொட்டகைச் சுவிட்சை மாடு எட்டாத உயரத்தில், நனையாத சுவரில் அமைத்துக்கொள்ளவும்.