தாமிரபரணிக் கரைக் குடும்பங்களுக்குப் பயனுள்ள குறிப்புகள்

கடையில் எதை வாங்குகிறோம், எதை வேண்டாம் என்கிறோம் என்பது ஊர்ப் பொதுக்காரியம். இதைத் திருநெல்வேலிச் சீமைக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1906-இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியதும், எதிரே ஓடிய ஆங்கிலேயக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. கடைசியில் காசே வேண்டாம், ஏறிக்கொள்ளுங்கள், குடையும் தருகிறோம் என்றது. அப்போதும் சுதேசிக் கப்பலுக்குச் சீட்டு வாங்கிக் கொழும்புக்குப் போனவர்கள் உண்டு. ஆனால் 1908-இல் வ.உ.சி.யைச் சிறையில் போட்டார்கள்; 1911-இல் கம்பெனி கலைந்தது. வாங்குகிறவர் மனம் வைத்தால் மட்டும் போதாது, அரசாங்கத்தின் கதவையும் விடாமல் தட்ட வேண்டும். அதனால் கீழே உள்ள குறிப்புகளில் பாதி அடுப்படிக்கு, பாதி கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசுக்கு.

1. மஞ்சப்பையை வீட்டில் மடித்து வைத்தால் அது வீட்டிலேயேதான் இருக்கும். ஒன்றை ஸ்கூட்டர் பெட்டியிலும் ஒன்றை அலுவலகப் பையிலும் போட்டு வையுங்கள். மாவு, தயிர், கறி, மீன் வாங்க மூடியுள்ள எவர்சில்வர் டப்பா எடுத்துப் போங்கள். தராசில் முதலில் காலி டப்பாவை வைத்து, அந்த எடையைக் கழித்துத் தரச் சொல்லுங்கள்; எந்த அண்ணாச்சியும் மறுக்க மாட்டார். 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. ஆனாலும் சாம்பாரைக் கொதிக்கக் கொதிக்கக் கவரில் கட்டித் தருவது நின்றபாடில்லை. வாங்குகிறவர் தூக்குவாளியை நீட்டினால்தான் அது நிற்கும்.

2. இட்லிக்கு அரிசி வாங்கும்போது 'அம்பை 16' கேளுங்கள். அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் 1937 முதல் இயங்குகிறது. இந்த ரகம் அங்கே உருவானது. குண்டு அரிசி, மாவு நன்றாகப் பொங்கும். கார், பிசானம் என்ற இரு பருவ நெல்லும் அறுவடையாகும் மாதங்களில் நம் வயல் நெல் நம் மில்லிலேயே அரைபட்டுக் கிடைக்கும். அதை விட்டுவிட்டு எங்கிருந்தோ லாரியில் வரும் பளபளப்பான பையைத் தூக்கி வருவானேன்? காய்கறிக்கு மகாராஜ நகர் உழவர் சந்தை இருக்கிறது. காலையிலேயே போனால் விளைவித்தவரிடமே வாங்கலாம். விலைப் பலகையைப் பார்த்து வாங்குங்கள். அதற்குமேல் பேரம் பேசாதீர்கள்.

3. பட்டுக்கும் நல்ல பருத்திச் சேலைக்கும் பூந்திக்கொட்டை போதும். ஒரு கைப்பிடியை விதை நீக்கி இரவே ஊறப்போட்டு, காலையில் கொதிக்கவைத்து வடிகட்டினால் நுரைநீர் தயார். மற்றத் துணிகளுக்குச் சோப்புத்தூளை அட்டையில் சொல்லியிருக்கும் அளவுக்குமேல் போடாதீர்கள். நுரை கூடினால் அழுக்கு கூடப் போகும் என்பது வெறும் நினைப்பு. நெல்லையிலும் பாளையங்கோட்டையிலும் வீட்டுக் கழிவுநீரில் ஒரு பங்கு கால்வாய் வழியாக ஆற்றுக்குத்தான் போய்ச் சேருகிறது. பொரித்த எண்ணெயைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். பழைய தாளிலோ மரத்தூளிலோ ஊறவிட்டுக் குப்பையில் சேருங்கள்.

4. பாபநாசத்துக்குப் பரிகாரத்துக்குப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும், இதைக் கொஞ்சம் விரிவாகவே. குளித்து முடித்ததும் உடுத்தியிருந்த துணியை ஆற்றோடு விடுவது பாவத்தை விடுவதாக நம்பப்படுகிறது. படித்துறைக்குக் கீழே இறங்கிப் பாருங்கள். நைலான் சேலைகள் பாறை இடுக்கில் சிக்கி, மணலில் பாதி புதைந்து, தண்ணீரில் நீளமாக அலைந்துகொண்டிருக்கும். பருத்தியாவது ஒருநாள் மக்கும், நைலான் மக்காது. குளிக்கிறவர் காலைச் சுற்றும், மீனுக்கு ஒதுங்க இடமில்லாமல் செய்யும். தன்னார்வலர்கள் இறங்கி இழுத்து இழுத்து எடுக்கிறார்கள். மறு அமாவாசைக்கு மறுபடியும் சேர்ந்துவிடுகிறது. போகும்போதே தண்ணீர் கசியாத ஒரு பையும் மாற்றுத் துணியும் கொண்டு போங்கள். வீட்டுப் பெரியவர்களிடம் வாதாட வேண்டாம். "ஆச்சி, ஆத்தா மேல அழுக்குத் துணியப் போடவா? பையில போட்டுக்கிடுவோம்" என்று சொல்லிப் பாருங்கள். ஆற்றைத் தாய் என்று கும்பிடுகிறவர்களுக்கு அது புரியும். கொண்டுவந்த துணியைத் துவைத்தால் கைப்பிடித் துணியாகும், மிதியடியாகும்.

5. கல்யாணச் சீருக்குப் பிளாஸ்டிக் பாய் வாங்காதீர்கள். கோரைப்பாய்க்குப் பத்தமடைக்கு ஒரு நடை போங்கள். சேரன்மகாதேவிப் பக்கம்தான், பஸ்ஸும் இருக்கிறது. பட்டுப்பாய்க்குக் கோரையை நுணுக்கமாகக் கீறி, காயவைத்து, ஆற்றுத் தண்ணீரில் பல நாள் ஊறப்போடுவார்கள். பாவு பருத்தி நூல். விரலால் தடவினால் துணி போலவே வழுக்கிக்கொண்டு போகும். விலை கூடுதல்தான், ஆனால் ஒரு பாய்க்குப் பின்னால் எத்தனை நாள் உட்கார்ந்த வேலை என்று நெய்கிறவரிடமே கேளுங்கள், அதற்குப் பிறகு குறைத்துக் கேட்க மனம் வராது. ஆறு கெட்டால் கோரை கெடும், இவர்கள் பிழைப்பும் கெடும். பராமரிப்பு எளிது: மடிக்காமல் சுருட்டி வையுங்கள், நனைந்தால் நிழலில் உலர்த்துங்கள். நைலான் பாவு போட்ட மலிவுப் பாயும் கடையில் கிடக்கும், பருத்திப் பாவுதானா என்று கேட்டு வாங்குங்கள். பாய் போலத்தான் சேலையும்: வீரவநல்லூர் செடிபுட்டா சேலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தீபாவளிக்கு ஒரு சேலையாவது அந்தத் தறியிலிருந்து வரட்டும்.

6. கோடையில் காருகுறிச்சி மண்பானை. புதுப்பானையை ஒருநாள் முழுக்க நீர் நிரப்பி வைத்துக் கொட்டிவிட்டுப் பிறகு பயன்படுத்துங்கள்.

7. கோலா வேண்டாம். இது உடம்புக்காக மட்டும் சொல்வதல்ல. கங்கைகொண்டான் சிப்காட்டில் உள்ள குளிர்பான ஆலைகளுக்குத் தாமிரபரணித் தண்ணீர் ஆயிரம் லிட்டர் 37 ரூபாய் 50 காசுக்குக் கொடுக்கப்பட்டது. அதாவது லிட்டருக்கு நாலு காசுகூட இல்லை. வயலுக்கும் குடிக்கவும் நீர் போதாத ஆண்டில் இது எப்படி நியாயம் என்று நெல்லையில் கேள்வி எழுந்தது, வழக்கும் போடப்பட்டது. 2016 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது. ஜல்லிக்கட்டுப் போராட்டத்தின் சூடு ஆறும் முன், 2017 மார்ச் 1 முதல் பெப்சியும் கோக்கும் விற்க மாட்டோம் என்று வணிகர் சங்கங்கள் அறிவித்தன. பல கடைகளில் குளிர்பெட்டியே காலியானது. மறுநாள், மார்ச் 2-ஆம் தேதி, வழக்குகள் தள்ளுபடியாயின; தண்ணீர் மறுபடி போனது. கடைக்காரர்களும் நாமும் சேர்ந்து சில மாதமாவது ஒரு பழக்கத்தை அசைத்தோம், அது சின்னக் காரியமில்லை. ஆனால் ஆற்று நீரை எதற்கு, யாருக்கு, என்ன விலைக்குத் தருவது என்று முடிவெடுக்கும் இடத்தில் நாம் இல்லை. அந்த இடத்துக்குப் போகும் வழி 13, 14-ஆம் குறிப்புகளில்.

வீட்டுக்கு விருந்தினர் வந்தால் நன்னாரி சர்பத், மோர், எலுமிச்சை; பருவத்தில் பதநீர், நுங்கு. கருப்பட்டி வாங்கும்போது ஒரு துண்டை உடைத்துப் பாருங்கள். உள்ளே சீனித் துகள் போலப் பளபளத்தால் கலப்படம் என்று சந்தேகிக்கலாம். வெல்ல விலைக்குக் கருப்பட்டி கிடைக்காது. கிடைத்தால் அது கருப்பட்டி இல்லை.

8. தேயிலை பற்றிச் சொல்லாமல் போக முடியவில்லை. 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகக் கலெக்டரிடம் மனுக் கொடுக்க ஊர்வலமாக வந்தவர்கள் மீது போலீஸ் தடியடி நடத்தியது. ஆற்றுக்குள் ஓடியவர்களில் 17 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒரு கைக்குழந்தையும் உண்டு. கேட்டது கூலி உயர்வு. எந்த மார்க் தூள் வாங்கினால் இதற்கு ஈடாகும் என்று என்னால் சொல்ல முடியாது, ஈடாகாது. ஆனால் தேயிலை, ரப்பர், முந்திரி எதுவானாலும் பறித்தவர் கூலி என்ன என்று கம்பெனியின் வாடிக்கையாளர் முகவரிக்கு ஓர் அஞ்சலட்டை எழுதலாம். ஆண்டுதோறும் ஜூலை 23-இல் ஆற்றங்கரையில் அஞ்சலி செலுத்துகிறார்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

9. வீடு கட்டுகிறவர்கள் மணல் லாரி வந்ததும் நடைச்சீட்டைக் கேளுங்கள். சீட்டில் குவாரி, தேதி, வண்டி எண் மூன்றும் சரியாக இருக்க வேண்டும். சீட்டில்லாத மணல் எவ்வளவு மலிவானாலும் திருப்பி அனுப்புங்கள். எம்-சாண்ட் போட்டுக் கட்டலாம், அதற்கும் பில் வாங்குங்கள். ஆற்று மணல்தான் மழை நீரைப் பிடித்து வைத்து உறைகிணறுகளுக்குத் தருகிறது. பல ஊர்கள் அதைத்தான் குடிக்கின்றன. கம்யூனிஸ்ட் தலைவர் தோழர் நல்லகண்ணு வழக்குப் போட்டு, தாமே நின்று வாதாடி, 2010-இல் தாமிரபரணி மணல் குவாரிக்குத் தடை வாங்கினார். 2023 ஏப்ரல் 25 அன்று, மணல் கடத்தல் பற்றிப் புகார் கொடுத்த முறப்பநாடு கிராம நிர்வாக அலுவலர் லூர்து பிரான்சிஸ் தம் அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். நம் வீட்டு வாசலில் கொட்டும் மணல் எங்கிருந்து வந்தது என்று கேட்காமலிருப்பது, இத்தனைக்கும் பிறகு, முறையல்ல.

10. பில் கேளுங்கள். குளிர்பெட்டியில் வைத்ததற்கென்று அச்சிட்ட விலைக்குமேல் இரண்டு ரூபாய் கேட்டாலும் அது தவறுதான். புகாருக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பெரிய இழப்பென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது, வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும்.

11. மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்துக் கொடுங்கள். பால் கவரைக் கழுவிக் காயவைத்தால் மறுசுழற்சிக்குப் போகும். ஈரத்தோடு போட்டால் ராமையன்பட்டிக் கிடங்குக்குப் போகும். அங்கே தீப்பிடித்துப் புகை கிளம்பும் நாட்களில் அக்கம்பக்கத்தில் குடியிருக்கிறவர்கள் படும் பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

12. ஊரில் சந்தேகமான லாரி நின்று எதையாவது கொட்டினால், கிட்டே போய்க் கைவைக்காமல் தூரத்திலிருந்தே படம் எடுங்கள். வண்டி எண், இடம், நேரம் தெரிய வேண்டும். 2024 டிசம்பரில் நடுக்கல்லூர், கொடகநல்லூர் பக்கம் கேரளத்து மருத்துவக் கழிவு மூட்டை மூட்டையாகக் கிடந்தது. ஊர்க்காரர்கள் சும்மா இருக்கவில்லை; விஷயம் வெளியே வந்து பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. மூன்று நாளில் அள்ளிக்கொண்டு போக வேண்டும் என்று கேரளத்துக்கு உத்தரவானது, அங்கிருந்து அதிகாரிகளும் லாரிகளும் வந்து அள்ளிப் போனார்கள். மூட்டைக்குள் கிடந்த காகிதங்களில் இருந்த ஆஸ்பத்திரிப் பெயர்கள்தான் காட்டிக் கொடுத்தன. புகார் என்றால் சான்று வேண்டும் என்பது இதற்குத்தான்.

13. கிராமசபைக்குப் போங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். குளம், கால்வாய் ஆக்கிரமிப்பு, ஆழ்துளைக் கிணறு பற்றிப் பேச அதுவே பொருத்தமான நாள். கூட்டம் தொடங்கும்போதே வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். தீர்மானத்தை எழுதி, வாசித்துக் காட்டிய பிறகு போடுகிறோம் என்று சொல்லுங்கள். பெண்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து முன்வரிசையில் உட்கார்ந்தால் இதைச் சொல்வது எளிது.

14. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுவுக்கு 10 ரூபாய். நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டலாம். 'ஏன்' என்று கேட்காதீர்கள், பதில் வராது; 'எவ்வளவு, எந்தத் தேதி, எந்த ஆணை எண், நகல் தருக' என்று கேளுங்கள். உதாரணம்: எங்கள் வார்டுக் கழிவுநீர் எந்த இடத்தில் பாளையங்கால்வாயில் சேருகிறது, அதைத் தடுக்கக் கடந்த மூன்று ஆண்டில் ஒதுக்கிய தொகை, செலவழித்த தொகை, சிப்காட்டுக்கு இந்த ஆண்டு மாதவாரியாகக் கொடுத்த நீர் எவ்வளவு. 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள்.

15. கூந்தன்குளத்துக்காரர்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. நாரையும் கூழைக்கடாவும் அவர்கள் வீட்டு மரத்திலேயே கூடு கட்டுகின்றன. நம் தெருவில் வெடியைப் பாதியாகக் குறைப்பது அதைவிடக் கடினமல்ல. ஜனவரியில் தாமிரபரணிக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 2011 முதல் நடக்கிறது. மணிமுத்தாறு அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொள்கிறது. கல்லூரிப் பிள்ளைகளை அனுப்புங்கள். குளத்துக்குக் குளம் பறவை குறைந்த கணக்கு கையில் இருந்தால் மனுவுக்கே ஒரு கனம் வரும்.

16. கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுக்கும் மனுவுக்கு: ஒரு மனுவில் ஒரு குறை மட்டும். இடத்தைத் தெரு, வார்டு, சர்வே எண்ணோடு எழுதுங்கள். படம் இரண்டு, பத்து வீட்டுக் கையெழுத்து. மனு எண் போட்ட ஒப்புகைச் சீட்டு வாங்காமல் கூடத்தை விட்டு வராதீர்கள். அந்த எண்ணையும் தேதியையும் தினசரிக் காலண்டரில் ஒரு மாதம் தள்ளி எழுதிவைத்து, அந்த நாள் வந்ததும் எண்ணைச் சொல்லி விசாரியுங்கள். ரேஷன் கார்டு வைத்திருக்கும் உறையிலேயே மனு நகலையும் போட்டுவையுங்கள், தேட வேண்டியிருக்காது.