மிளகாய்ச் செய்கையில் வைக்கோற் பத்திரக்கலவை

மாரி மழை ஓய்ந்தபின் யாழ்ப்பாணக் குடாநாட்டுத் தோட்டக் கமக்காரருக்குக் கிணறே துணை. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இங்கில்லை. மழைநீர் சுண்ணக்கற் பாறையினூடே இறங்கி, நிலத்தின் கீழ் உவர்நீரின் மேல் நன்னீராகத் தங்குகின்றது. அளவுக்கு மிஞ்சி இறைக்குமிடத்து நன்னீர் குறைந்து உவர்நீர் மேலெழும். உவரேறிய கிணற்றை மீட்டெடுத்தல் எளிதன்று. ஆகவே இறைத்த நீர் வீணே ஆவியாகாமற் காத்தல் வேண்டும்.

மிளகாய் நாற்று நட்ட தொடக்கத்தில் இலைகள் பாத்தியை மூடுவதில்லை. அக்காலத்தில் வெயிலும் காற்றும் வெறும் மண்ணிலிருந்தே பெருமளவு நீரைக் கவருகின்றன. பின்னர் வைகாசியில் சோளகக் காற்று வலுக்கும்போது மண் மேலும் விரைவாக உலரும். மண்ணை மூடிவைப்பின் வெயில் நேரே படாது. காற்றும் ஈரத்தை வாரிச் செல்லாது. இவ்வாறு இடப்படும் மூடியே பத்திரக்கலவை எனப்படும். இது களைகளை அடக்கி, மண் இறுகுவதையும் குறைக்கும்.

காலபோக நெல் அறுவடையாகும் தை, மாசி மாதங்களிலேயே மிளகாய் நாற்றும் நடப்படுகின்றது. நெல்லின் நிறைக்கு ஏறக்குறைய ஒத்த நிறையுள்ள வைக்கோல் வயலிற் கிடைக்கும். அதனை எரித்தல் கூடாது. நல்ல வைக்கோலை மாட்டுக்கு வைத்துக்கொண்டு, மழையில் நனைந்து பழுதானதைப் பத்திரக்கலவைக்கு உபயோகிக்கலாம். வைக்கோல் போதாதவிடத்து பூவரசங் குழை, சீமைக்கிளுவைக் குழை, உலர்ந்த சருகு ஆகியனவும் உதவும்.

இடும் முறை:

1. நாற்று வேரூன்றி நிமிர்ந்தபின் களை பிடுங்கி, பாத்திக்கு நன்கு நீர் இறைக்க வேண்டும்.

2. மேலுரம் இடவேண்டியிருப்பின் ஈரமண்ணில் முதலில் அதனை இட்டு, பின்னரே மூட வேண்டும்.

3. வைக்கோலை 2 முதல் 3 அங்குலத் தடிப்பிற்குச் சீராகப் பரப்புக. நீர் பாயும்போது மிதந்து ஒதுங்கினால் மீண்டும் பரப்பிவிடுக.

4. தண்டைச் சுற்றி 2 அங்குல இடம் விடுக. வைக்கோல் தண்டைத் தொட்டுக்கொண்டிருப்பின் அடித்தண்டு அழுகக்கூடும்.

5. கறையான் உண்டாவெனக் கிழமைதோறும் வைக்கோலை விலக்கிப் பார்க்க வேண்டும்.

6. விதை முற்றிய புற்களை மூடியாக இடுதல் கூடாது. அவற்றின் விதைகள் பாத்தியில் முளைக்கும்.

இத்தனையும் செய்தபின், சில கமக்காரர் வழக்கமான நாளிலேயே இயந்திரத்தை இயக்கி இறைத்துவிடுகின்றனர். அவ்வாறு செய்யின் வைக்கோல் இட்ட பயன் கிணற்றுக்குக் கிட்டாது. எரிபொருட் செலவும் குறையாது. நாளை எண்ணி இறைத்தலை விடுத்து, மண்ணைப் பார்த்து இறைக்க வேண்டும். வைக்கோலை விலக்கி, 4 அங்குல ஆழத்து மண்ணைக் கையில் எடுத்துப் பிடித்துப் பார்க்குக. உருண்டையாகத் திரளுமாயின் ஈரம் உண்டு, இறைப்பைப் பிற்போடலாம். உதிருமாயின் உடனே இறைக்க வேண்டும்.

முதற் போகத்தில் தோட்டம் முழுவதையும் மூட வேண்டியதில்லை. நான்கு பாத்திகளை மூடி, அருகில் நான்கினை வெறுமையாக விடுக. ஒவ்வொன்றுக்கும் எத்தனை முறை இறைத்தீர்கள், எவ்வளவு பழம் பறித்தீர்கள் என்பவற்றைக் குறித்து வருக. அக்குறிப்பைக் கொண்டு உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியருடன் கலந்து அடுத்த செய்கையைத் திட்டமிடலாம். கத்தரி, தக்காளி, பருத்தி முதலிய வரிசைப் பயிர்களுக்கும் இம்முறை பொருந்தும்.