அறைக்காற்றின் அளவும் மூச்சின் அளவும்



உள்ளிழுப்பு நச்சியல் கூடத்தில் இளம் ஆய்வாளராகிய உங்கள் கைக்கு வரும் முதல் எண், அறைக்காற்றில் ரசாயனம் எத்தனை பி.பி.எம். இருக்கிறது என்பதுதான். அதையே விலங்கு பெற்ற அளவாகக் குறிப்பேட்டில் எழுதிவிடும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அந்த வழக்கத்துக்கு நீங்கள் பழகிவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். ரசாயனம் பட்டவுடன் விலங்கின் மூச்சு மாறுகிறது. மூச்சு மாறினால் உள்ளே போகும் ரசாயனத்தின் அளவும் மாறுகிறது. நாம் அளக்கும் விளைவே, நாம் கொடுத்ததாக நினைக்கும் அளவைத் திருத்திக்கொண்டிருக்கிறது.

ஃபார்மால்டிஹைடை எடுத்துக்கொள்ளுங்கள். 1983-இல் முழு அறிக்கையாக வெளிவந்த அமெரிக்க ஆய்வில், பெரிய எலிகளும் சுண்டெலிகளும் இரண்டு ஆண்டுகள் இந்த வாயுவைச் சுவாசித்தன. சராசரியாக 14.3 பி.பி.எம். அளவில், ஏறக்குறைய பாதி எலிகளுக்கு மூக்கில் புற்றுநோய் வந்தது. அதே அளவில் சுண்டெலிகளில் இரண்டுக்கு மட்டுமே வந்தது. சுண்டெலிக்கு ஏதோ தனி எதிர்ப்பாற்றல் இருக்கிறது என்று முடிவுகட்டத் தோன்றும். மூச்சை அளந்தவர்கள் கண்டது வேறு. சுண்டெலி இந்த வாயுவின் எரிச்சலைத் தாங்காமல் தன் மூச்சளவைப் பெரிதும் குறைத்துக்கொள்கிறது. எலி அந்த அளவுக்குக் குறைப்பதில்லை. மூக்குத் திசுவின் பரப்புக்கு இவ்வளவு என்று கணக்கிட்டால், உயர்ந்த செறிவில் இருந்த சுண்டெலி பெற்றது, 5.6 பி.பி.எம். காற்றில் இருந்த எலி பெற்றதற்கு நெருக்கமாக வருகிறது. அந்த 5.6-இல் புற்றுநோய் கண்ட எலிகளும் இரண்டே.

சரி, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணினால் போதாதா? நச்சியலாளர் ஈவ் அலாரி 1966-இல் முன்வைத்த முறையே எண்ணிக்கையில் நிற்பதுதானே என்பீர்கள். சுண்டெலியின் மூச்சு வேகத்தைப் பாதியாகக் குறைக்கும் செறிவை ஆர்.டி.50 என்கிறோம். அதில் 0.03 பங்கு, தொழிற்சாலைக் காற்றுக்கு விதிக்கப்பட்ட வரம்புகளோடு வியக்கத்தக்க அளவு ஒத்துப்போகிறது. அந்த ஒற்றுமையை நான் மதிக்கிறேன். ஆனால் அது மூக்கையும் தொண்டையையும் எரிக்கும் பொருள்களுக்கே பொருந்தும். பாஸ்ஜீன் வாயு அப்படிப் பெரிதாக எரிப்பதில்லை. பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோக்க வைத்துக் கொல்லும். ஆர்.டி.50-ஐ மட்டும் வைத்துப் பட்டியலிட்டால் அதன் உண்மையான கொடூரம் தெரியாமலே போய்விடும்.

ஆகவே மூச்சின் வடிவத்தைப் பாருங்கள். தலை மட்டும் வெளியே நீட்டியிருக்க, உடல் கண்ணாடிக் குழாய்க்குள் இருக்கும் பிளெதிஸ்மோகிராஃப் என்ற மூச்சளவிக் கருவியில் ஒவ்வொரு மூச்சும் ஒரு வளைகோடாக விழும். மூக்கின் டிரைஜெமினல் நரம்பு தூண்டப்பட்டால், வெளிமூச்சின் தொடக்கத்திலேயே கோடு சற்று நேரம் அசையாமல் நிற்கும். ஆழ்நுரையீரல் தாக்கப்பட்டால், வெளிமூச்சு முடிந்து அடுத்த உள்மூச்சு தொடங்குமுன் இடைவெளி விழும். மூச்சுக்குழல் சுருங்கினால், வெளிமூச்சின் நடுப்பகுதியில் ஓட்டம் தளரும். மூன்றிலும் எண்ணிக்கை குறையலாம். காரணம் வேறு, ஆபத்து வேறு.

குழாயில் அடைப்பது விலங்குக்குத் துன்பம், பெட்டிக்குள் தாராளமாக நடமாட விட்டு, பெட்டியின் அழுத்த ஏற்ற இறக்கத்திலிருந்து கணக்கிடும் பென்ஹ் என்ற எண்ணை எடுக்கலாமே என்பது நியாயமான கேள்வி. துன்பத்தைக் குறைக்கும் நோக்கத்தில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் அந்தப் பெட்டியின் அழுத்தத்தைப் பெரும்பாலும் மாற்றுவது, உள்ளிழுத்த காற்று சூடாகி ஈரமாவது. மூச்சின் ஒழுங்கு மாறினாலே பென்ஹும் மாறும். அதைக் காற்றுத்தடையின் அளவாகக் கொள்ள முடியாது என்று நுரையீரல் இயக்கவியலாளர்கள் பலர் 2004-இல் சேர்ந்து எழுதினார்கள். எரிச்சலூட்டும் வாயுவோ மூச்சின் ஒழுங்கைத்தான் முதலில் குலைக்கிறது. தவறான எண்ணுக்காக ஒரு விலங்கை வாயுவுக்குள் வைப்பது, குழாயில் வைப்பதைவிடப் பெரிய கொடுமை. விலங்குகளை முன்கூட்டியே குழாய்க்குப் பழக்குங்கள். அமைதியான பிறகு தூய காற்றில் அடிப்படை அளவை எடுங்கள்.

உங்கள் அட்டவணையில் பி.பி.எம். நிரலுக்குப் பக்கத்திலேயே நிமிட மூச்சளவுக்கு ஒரு நிரல் போடுங்கள். மூல வளைகோடுகளை அழிக்காமல் சேமித்து வையுங்கள். அந்த நிரல் இல்லாத அறிக்கையில், யார் கேட்டாலும் கையெழுத்துப் போடாதீர்கள்.